குழாயடியில் மாட்டிய பற்றுமானி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் சொல்ல வராது. முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவன். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன். நாய் துரத்தினால்கூட எழுதி முடித்துவிட்டுத்தான் ஓடுவேன். ஒருமுறை ஒரு வீட்டு மீட்டர் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அண்ணன் தம்பி இருவரும் மூன்று நாளாகப் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் உற்பத்தியான மின்சாரம் வீட்டுத் தேவை போக மிச்சம் கம்பி வழியாக வெளியே போயிருக்கிறது. அதையும் அப்படியே எழுதினேன். வாரியத்திலிருந்து அந்த வீட்டுக்கு நன்றிக் கடிதம் வந்தது. வேண்டுமானால் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் வைத்திருப்பதாகத் தம்பி சொல்வான், தம்பி வைத்திருப்பதாக அண்ணன் சொல்வான்.

அதனால்தான் அரசாங்கம் பற்றுமானியைக் கொண்டுவந்தபோது, ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது கடல் நான்கு அடி ஏறியிருந்தது. தெற்கே அத்தோலி என்று ஒரு தீவு நாடு முழுசாக மூழ்கி, அங்கிருந்து முந்நூற்று நாற்பது பேர் எங்கள் தூத்துக்குடிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் மூன்றாம் உப்பளத் தெருவில் பாதிப் பேர் அவர்கள்தான். புதுச் சட்டம் வந்தது: குடியேறியவர்களுக்கு இந்த நாட்டின்மேல் எவ்வளவு பற்று இருக்கிறது என்று கருவி வைத்து அளக்க வேண்டும். நூற்றுக்கு அறுபது வந்தால் குடியுரிமை. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் வராவிட்டால் நடுக்கடலில் கட்டியிருக்கும் மிதவை முகாமுக்குப் போய்விட வேண்டும்.

கருவியைக் கொண்டுவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கார்முகிலன். சென்னையிலிருந்து வந்த துணை இயக்குநர். சட்டை மடிப்பு கலையாத இளைஞர். பற்றுமானி என்பது ஒரு கழுத்துப்பட்டை, ஒரு கையடக்க டப்பா, அவ்வளவுதான். பட்டையை மாட்டினால் டப்பாவில் எண் வரும்.

"இது எதைத் தம்பி அளக்கும்?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர், நம்ம நாடுன்னு ஒருத்தர் நெனைக்கிறப்ப மூளையில ஒரு இடம் சூடாகும் சார். என் வீடு, என் பிள்ளைன்னா அது வேற இடம். இது அந்த 'நம்ம' சூட்ட மட்டும் பிடிக்கும்."

"நடிச்சா?"

"நடிகர்கள் நாப்பது பேர வச்சுப் பாத்தோம். ஒருத்தருக்கும் நாலு தாண்டல."

"அறுபதுன்னு கணக்கு வச்சீங்களே, அது எப்படி?"

அவர் பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினார். "சுதந்திர தினத்தன்னைக்கு மைதானத்துல ரெண்டாயிரம் குடிமக்கள அளந்து சராசரி எடுத்தோம்."

"கொடி ஏத்தும்போதா?"

"அப்ப மாட்ட முடியல சார். எல்லாரும் வெறைப்பா நின்னாங்க. முடிஞ்சப்புறம் மிட்டாய் வாங்க வரிசையில நின்னாங்க இல்லையா, அப்ப மாட்டினோம்."

"அப்ப அறுபதுங்கறது மிட்டாய்க்கு வந்த நம்பர்."

"அதை ரொம்ப வெளியில சொல்லிக்க வேண்டாம்" என்றார் கார்முகிலன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஆரஞ்சு மிட்டாயை நானும் தின்றிருக்கிறேன். அதற்கு அறுபது அதிகம்.

கருவி வந்த முதல் வாரமே ஒரு சம்பவம். எங்கள் தெருவில் பெர்பெத்து என்று ஒரு அம்மாள். குரல் துறைமுகம் வரை கேட்கும். மூடுபனி நாட்களில் கப்பல்காரர்கள் அந்தக் குரலை வைத்துத்தான் கரையைக் கண்டுபிடிக்கிறார்கள். அவளுக்கு ஜூலி என்று ஒரு ஆடு. நான் டீ குடிக்கப் போயிருந்தபோது ஜூலி வார்டு அலுவலகத்துக்குள் நுழைந்து விண்ணப்பப் படிவங்களைத் தின்றிருக்கிறது. நாற்காலியில் தொங்கிய பட்டை அதன் கழுத்தில் மாட்டிக்கொண்டது. திரும்பி வந்து டப்பாவைப் பார்த்தேன். எழுபத்தொன்று. கருவி தானாகவே படமும் பிடித்து, எண்ணோடு தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டது. பெயர்க் கட்டத்தை மட்டும் நிரப்பச் சொன்னது. ஜூலி என்று நிரப்பினேன். பெயர் அதுதானே? மூன்று வாரத்தில் பற்றுச் சான்றட்டை வந்தது, கார்முகிலன் கையெழுத்தோடு. பெர்பெத்து அதை லேமினேட் செய்து ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

இப்போது ரெகெந்திக்கு வருகிறேன். கதை அவளுடையது.

ரெகெந்தி அத்தோலிக்காரி. தெருவில் எல்லோருக்கும் ரேந்தி. மீன்வலைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் தீவை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டான். தீவு போனபோது அவனும் போனான். வயிற்றில் இருந்த பெண் இங்கே வந்துதான் பிறந்தாள். அந்தப் பிள்ளை சட்டப்படி இந்த நாட்டுக் குழந்தை. அவளை எங்கும் அனுப்ப முடியாது. தாய்க்கு அறுபது வராவிட்டால் தாய் மட்டும் மிதவைக்கு, மகள் கரையில் அரசு விடுதிக்கு.

ரேந்தி தமிழைக் குழாயடியில் கற்றுக்கொண்டவள். அதனால் வசைச் சொற்கள் எல்லாம் முதல் வருடமே வந்துவிட்டன. 'தயவுசெய்து' ஒன்பதாம் வருடம்தான் வந்தது, அதையும் அவள் அதிகம் பயன்படுத்தவில்லை.

முதல் வாய்ப்பில் நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் கொடியைக் காட்டி, கீதத்தைப் போட்டேன். மரியாதையாகக் கேட்டாள். பன்னிரண்டு வந்தது. அடுத்த வாரம் இரண்டாம் வாய்ப்பு. ஒன்பது.

"என்ன தாயி, கொடியப் பாத்து என்னதான் நெனச்சே?" என்றேன்.

"நெசத்தச் சொல்லவா அண்ணாச்சி? எங்க கொடி நெனப்பு வந்திட்டு. அது இப்ப தண்ணிக்குள்ள கெடக்கு. காத்து இல்லாட்டியும் அலையில ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்." பட்டையைத் தானே கழற்றி என் கையில் வைத்தாள். "ஒருக்கா கடல்ல இருந்து தப்பிச்சு வந்தேன். மறுபடியும் கடல்லயே கொண்டு போடப் போறாவளா? பிள்ள தலைக்கு எண்ண வைக்கக்கூட அங்க இருந்து கை எட்டாதே."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றும், ஒன்பதுக்கு ஒன்பது என்றும் எழுதினேன். ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டால் தொண்ணூறு என்று பெர்பெத்துகூட வந்து சொன்னாள். ரேந்தியோடு பன்னிரண்டு வருடமாகச் சண்டை போடுகிறவள் அவள்.

"நான் மீட்டர் ஆளு பெர்பெத்து. காட்டுறதத்தான் எழுதுவேன்."

"ஒம்ம நேர்மையில தீய வைக்க. அவ போயிட்டா நான் யாருகிட்ட வே சண்ட போடுவேன்?"

மூன்றாவது வாய்ப்பைக் கார்முகிலன் நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நாளையும் அவரே குறித்தார், வியாழன் காலை பத்து மணி. எங்கள் தெருவுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வருகிற நாள் அது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே.

எங்கள் தெருவின் தண்ணீர் வரிசையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குழாயடி என்று பெயர்தான், குழாய் வறண்டு பல வருடம் ஆகிறது, லாரி வந்து நிற்பது அங்கேதான். யாரும் வெயிலில் நிற்பதில்லை. விடிவதற்குள் அவரவர் கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பெர்பெத்துவுக்கு ஒரு அரைச் செங்கல். சலூன்காரருக்கு உடைந்த அம்மிக்குழவி. இன்னொருவருக்கு ஒற்றைச் செருப்பு. லாரி வந்ததும் கல்லுக்குரியவர் குடத்தோடு வந்து நிற்க வேண்டும். இந்த ஊரில் பூட்டிய வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. உண்டியல் உடைந்திருக்கிறது. வரிசைக் கல்லை மட்டும் இன்றுவரை ஒருவரும் தொட்டதில்லை.

ரேந்தியின் கல் வெள்ளை. தேங்காய் அளவு பவளக்கல். தீவை விட்டுப் படகில் ஏறும்போது காலடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். அத்தோலி என்கிற நாட்டில் தண்ணீருக்கு மேலே மிச்சமிருப்பது இப்போது அது ஒன்றுதான். அதை அவள் அலமாரியில் வைத்துக் கும்பிடவில்லை. குடத்துக்கு இடம் பிடிக்க வைத்தாள்.

அன்று காலை பத்தடிக்கப் பத்து நிமிடம். கார்முகிலன் காரிலிருந்து இறங்கி நேராக அலுவலகத்துக்குள் போனார். கொஞ்சம் பின்தங்கி நானும் போனேன். ரேந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டையை மாட்டினேன். கீதம் ஆரம்பித்தது. டப்பா பத்து காட்டியது. பதினொன்று. மறுபடியும் பத்து.

கார்முகிலன் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை அவர். "அம்மா, உங்க பொண்ணு இங்க படிக்கிற ஸ்கூல நெனைச்சுப் பாருங்களேன்" என்று எடுத்துக்கொடுத்தார்.

எட்டு.

அந்த நேரத்தில் வெளியே ஒரு சத்தம். கல்லோடு கல் மோதுகிற சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால், கார்முகிலனின் டிரைவர் காரை வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோவதற்காக வரிசைக் கற்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அரைச் செங்கல் சாக்கடை ஓரம் உருண்டது. அம்மிக்குழவி அதன் பின்னால் போனது.

ரேந்தி எழுந்தாள். கழுத்தில் பட்டையோடு வாசலைத் தாண்டினாள். நான் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கீதம் உள்ளே தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏல! எவம்ல அது கல்லுல கால வைக்கது?"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "சும்மா ரோட்ல கிடந்த கல்லும்மா."

"ரோட்டுல கெடந்த கல்லா? அது பெர்பெத்து அக்கா கல்லுல! அவ நாலு மணிக்கு எந்திச்சு வச்சிட்டுப் போயிருக்கா. அது சலூன்காரரு கல்லு. அவருக்கு முட்டு வலி, ரெண்டாம் தடவ நடக்க மாட்டாரு. எடுத்து வை! எது எங்க இருந்துச்சோ அங்க வை!"

முப்பத்தைந்து, என்றது டப்பா.

"அரசாங்க வண்டிம்மா இது."

"வண்டி அரசாங்கத்துக்கு. தெரு எங்களுக்கு!"

ஐம்பத்தெட்டு.

இதற்குள் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பெர்பெத்து சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் தன் செங்கல்லைப் பார்க்கவில்லை. "ஏலேய், வெள்ளக்கல்லு எங்கல? அவ கல்லு எங்கல போச்சு?" என்று குனிந்து காரடியில் தேட ஆரம்பித்தாள். டயருக்குப் பக்கத்தில் கிடந்தது. முந்தானையால் துடைத்து எடுத்தாள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ரேந்தியின் முகச்சாயலும் பேச்சும் அவனுக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது. "நீ எந்த ஊரும்மா? உன் நாட்டுல வேணா இப்படிக் கல்ல வச்சு இடம் பிடிப்பாங்க. இங்க வந்து..."

"என் நாட்டுலதான்ல பிடிக்கோம்! இந்த நாட்டுல! வரிசைன்னா வரிசைன்னு பன்னெண்டு வருசம் நின்னு தண்ணி புடிச்ச நாடு. நேத்து வந்த நீ எனக்கு வழி சொல்லுதியா? நடுவுல பூந்தா கலெக்டரா இருந்தாலும் கடேசிக்குப் போகணும், அதான் எங்க ஊருச் சட்டம். போ! போய் கல்ல எடு!"

டப்பா அறுபதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி, தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. அதற்குமேல் அந்தக் கருவியில் நான் பார்த்ததில்லை. கையில் சுட்டது. கார்முகிலனிடம் காட்டினேன். பிறகு பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதினேன்.

"இது செல்லாது சார்" என்றார் கார்முகிலன். குரலில் உறுதி இல்லை. "நாற்காலியில உக்காந்து, கீதம் கேக்கறப்ப வர்ற நம்பர்தான்..."

"எந்த விதியில தம்பி?"

"விதின்னு இல்ல. நடைமுறை."

பெர்பெத்து தன் வீட்டுக்குள் போய் ஜூலியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தாள். கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது ஒம்ம கையெழுத்துதானய்யா?"

கார்முகிலன் அட்டையைப் படித்தார். படத்தையும் பார்த்தார். ஜூலி அதில் நன்றாகவே விழுந்திருந்தது. ஜூலி அவருடைய சட்டைக் கையை மெல்ல ஆரம்பித்தது.

"இது நாற்காலில உக்காரல" என்றேன். "கீதமும் கேக்கல. நின்னுக்கிட்டு ஃபாரத்தத் தின்னுச்சு. எழுபத்தொண்ணு. இயக்ககம் ஏத்துக்கிட்டு அட்டை குடுத்திருக்கு. இது செல்லும்னா ரேந்தியோட நம்பரும் செல்லும். அது செல்லாதுன்னா, எதுக்குச் செல்லாதுன்னு நீங்க மேல எழுதணும். ஆட்டப் பத்தியும் எழுதணும்."

அவர் சட்டைக் கையை ஆட்டின் வாயிலிருந்து உருவிக்கொண்டார். "கருவி ரிப்பேரா இருக்கலாம்" என்று கடைசியாக ஒன்றைப் பிடித்தார். சோதிப்பதற்காகப் பட்டையை வாங்கித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

ஏழு.

தெருவே டப்பாவை எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு மனிதனுக்கு ஏழு என்றால் அது சிரிக்கிற விஷயமா?

ரேந்திதான் முதலில் பேசினாள். கோபம் இறங்கிவிட்டிருந்தது. "ஒங்களுக்கு எந்த ஊரு தம்பி?"

"சென்னைங்க."

"அங்க தண்ணி எப்படி வருது?"

"அபார்ட்மெண்ட்ல குழாயிலயே வந்துடும்."

"அதுக்கு முன்னால? சின்ன வயசுல?"

"லாரிதான்" என்றார். "எங்க தெருவுல ஒரு ஆள் இருந்தாரு. வரிசையில நிக்கவே மாட்டாரு. எங்கம்மா குடத்தத் தள்ளிட்டு நேரா முன்னாடி போயிடுவாரு. ஒருநாள் தெருவே சேந்து அவரோட ட்ரம்மத் தூக்கி..." அவர் குரல் ஏறியது. கை ட்ரம்மைத் தூக்குவது போல உயர்ந்தது. சட்டை மடிப்பு கலைந்தது. "எங்க தெருவுல வந்து அந்த வேலையெல்லாம் நடக்குமா சார்? தூக்கிப் போட்டோம்ல!"

அறுபத்து நான்கு.

டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் விரிந்தது. கருவியில் ரிப்பேர் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டு, காரின் பானெட்டில் பதிவேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தெரு போட்ட கூச்சலில் துறைமுகத்தில் இரண்டு கப்பல் சங்கு ஊதிப் பதில் சொன்னது. டிரைவர் கல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் வைத்தான். இடம் மாறி வைத்ததை எல்லாம் ரேந்தி திருத்தினாள். பிறகு லாரி வந்தது. பெர்பெத்துவும் ரேந்தியும் குடம் இடித்ததற்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஊர் நிம்மதியானது.

அடுத்த நான்கு மாதத்தில் மிச்சமிருந்த அத்தோலிக்காரர்கள் எல்லோரையும் குழாயடியிலேயே வைத்து அளந்தோம். கார்முகிலனே சுற்றறிக்கை அனுப்பினார்: 'இயல்பான சூழலில் அளத்தல்' என்று அதற்குப் பெயர். முந்நூற்று நாற்பதுக்கு முந்நூற்று நாற்பதும் தேறினார்கள். மிகக் குறைந்த எண் எழுபத்து மூன்று. அது பேச்சு வராத ஒரு பெரியவர், கையசைவிலேயே அவ்வளவு எடுத்தார். மிதவை முகாமுக்கு ஒருவரும் போகவில்லை. இப்போது அதில் கடற்காகங்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையில் உட்காருவதாகக் கேள்வி. எண் எடுக்க என்னைக் கூப்பிட்டால் போவேன்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை ரேந்தி என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கிண்ணத்தில் அவர்கள் ஊர் சூரைமீன் குழம்புப் பசை கொண்டுவந்தாள். பன்னிரண்டு வருடமாகக் கொடுக்கிறாள். எனக்குப் பிடிக்காது என்று இன்றுவரை தெரியாது.

"அண்ணாச்சி, அந்த டிரைவரு போன மாசம் சந்தையில பாத்தான். மன்னிச்சிருங்கக்கான்னான். அவனா அங்க நிறுத்தலையாம். 'வேப்பமரத்துக்குக் கீழ நல்ல நிழல் இருக்கு தம்பி, அந்தக் கல்ல எல்லாம் ஒதுக்கிட்டுத் தாராளமா நிறுத்தும்'னு யாரோ ஒரு பெரியவரு சொன்னாராம்."

"அப்படியா?"

"வழுக்கத் தலையாம்."

"தூத்துக்குடியில எத்தனையோ வழுக்க."

உண்மையை எழுதிவிடுகிறேன். எந்த மீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் எங்கே மாட்டினால் எவ்வளவு ஓடும் என்று தெரிந்துகொள்ள முப்பத்தோரு வருடம் வேண்டும். மைதானத்தில் அறுபது வந்தது மிட்டாயால் இல்லை. மிட்டாயைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பது வரிசை. அதில் எவனாவது ஒருவன் நடுவில் புகுந்திருப்பான். நான் எண்ணைத் திருத்தவில்லை. நிழல் இருக்கிற இடத்தைச் சொன்னேன். நிழல் இருந்தது.

ரேந்தி மேசையில் கிடந்த பட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். "இத்தன பேர அளந்தீங்களே, ஒங்கள யாரு அளந்தா?"

"வாரியம் குடுத்த வீட்டுல இருந்த காலம் தொட்டே எனக்குத் தனிக் குழாய் தாயி. வரிசையில நின்னதே இல்ல. எனக்கு என்ன வரப்போகுது?" டப்பாவில் ஐந்து என்று இருந்தது. நான் அவளுக்குக் காட்டாமல் திருப்பி வைத்தேன்.

"வாங்க" என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் கற்கள் வரிசையாக இருந்தன. அரைச் செங்கல். அம்மிக்குழவி. வெள்ளைக்கல். வெள்ளைக்கல்லை ஒட்டினாற்போல என் வீட்டுப் பழைய மின்மீட்டரின் இரும்புப் பெட்டி. பரணில் போட்டிருந்தது, எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"இது எதுக்கு? எனக்குத்தான் வீட்டுலயே குழாய் இருக்கே."

"கெடக்கட்டும் அண்ணாச்சி. இனி ஒங்க எடம் இது. எவனும் தொட மாட்டான்."

அப்போது பார்த்து, பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அந்தப் பெட்டியைக் காலால் லேசாக நகர்த்தி, சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான்.

எனக்கு வயது எழுபத்தாறு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இருந்தாலும் என் வாயிலிருந்து புறப்பட்ட சத்தத்தைக் கேட்டு ஜூலி மதில் ஏறிவிட்டது. பெர்பெத்து தன் வாழ்நாளில் முதல்முறையாகக் காதைப் பொத்திக்கொண்டாள்.

ரேந்தி உள்ளே ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

எழுபத்திரண்டு. ஆட்டைவிட ஒன்று கூடுதல்.